வளைந்த கழுத்து

நிமிர்ந்து நிற்கும் நீல நாரையின் உயரம் ஏறத்தாழ நான்கடி. பூநாரையோ ஐந்தடியையும் எட்டும். அமெரிக்க நாட்டுப் பறவைகள் யாவற்றையும் உள்ள அளவிலேயே, சிறிதும் குறைக்காது தீட்டுவேன் என உறுதிபூண்டார் ஜான் ஜேம்ஸ் ஆடுபான். 1785இல் பிறந்த அவர், வாணிகத்தில் நொடித்துக் கடனுக்காகச் சிறையும் புகுந்தவர். அந்நாளில் கிடைத்த தாள்களுள் மிகப் பெரியதையே அவர் தெரிந்துகொண்டார். எனினும் அதன் நீளம் ஏறத்தாழ 39 அங்குலமே. நாரையைத் தாளுள் அடக்குவது எங்ஙனம்?

கழுத்தை வளைத்தார். நீல நாரை தன் காலடி நீரை நோக்கி அலகைத் தாழ்த்துகின்றது. பூநாரை சேற்று நிலத்தில் தலை குனிகின்றது. கூவும் பெருங்கொக்கு மணலில் கிடக்கும் முதலைக் குஞ்சுகளின்மேல் வளைகின்றது. தாளின் குறுமையால் நேர்ந்த இவ்வளைவு, நீர்ப்பறவை இரை தேடும் இயல்பான நிலையாகவே அமைந்துவிட்டது. விறைத்து நிற்கும் பறவைகளையே கண்டு பழகிய கண்களுக்கு அது புதுமை. நெருக்கடியே ஓவியருக்கு ஆசிரியராயிற்று எனின் மிகையாகாது.

அவ்வுயிர்த்தோற்றம் பெரும்பாலும் உயிரிழந்த பறவையினின்று பெறப்பட்டதாகும். பறவையைச் சுட்டு வீழ்த்துவார். அதன் உடலிற் கம்பி செருகிக் கட்டங்கள் வரைந்த பலகையில் வேண்டிய நிலையில் பொருத்துவார். இறகின் நிறம் மங்குமுன் விரைந்து வரைவார். தொலைநோக்கியும் நிழற்படக் கருவியும் இன்றுபோல் உதவாத காலம் அது என்பது உண்மையே. ஆயினும், தேவைக்கு மிகுதியாகவும் அவர் சுட்டார் என்பதை மறைத்தல் தகாது.

1826இல் ஓவியங்களுடன் இங்கிலாந்து சென்றார். இலண்டன் நகரத்து இராபர்ட் ஹேவல் அவற்றைச் செப்புத் தகட்டிற் செதுக்கியும் அமிலத்தால் அரித்தும் கருமையில் அச்சிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணமிட வேண்டியிருந்தது. அப்பணி செய்தோர் பலர். அவர்தம் பெயர்கள் படங்களில் இடம்பெறவில்லை. ஐந்து படங்கொண்ட பகுதி ஒன்றுக்கு விலை இரண்டு கினி. 1838இல் 435 படங்களுடன் நூல் நிறைவுற்றது.

அப்படங்களுள் வெண்கொக்கின் படம் ஒன்று உண்டு. கொக்கு முன்னே பெரிதாக நிற்க, தொலைவில் வேட்டைக்காரன் ஒருவன் எறும்பளவாய் வருகின்றான். அந்நூற்றாண்டின் இறுதியில் மகளிர் தொப்பிகளை அணிசெய்ய அவ்வினத்தின் மெல்லிறகுகள் வேண்டப்பட்டன. கூடு கட்டும் காலத்திலேயே அவ்விறகுகள் வளர்தலின், தாய்ப்பறவை மடியக் குஞ்சுகளும் பட்டினியால் மடிந்தன. 1918இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இக்கொலையைத் தடுத்தது.

பெருங்கொக்கின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சதுப்பு நிலங்கள் உழுபுலங்களாயின, வேட்டையும் ஓயவில்லை. 1941இல் அவ்வினத்தில் எஞ்சியவை ஏறத்தாழ இருபதே. பின்னர்ப் பேணிக் காத்ததன் பயனாக, கனடாவில் முட்டையிட்டு டெக்சாஸ் கடற்கரைச் சதுப்புகளுக்குக் குளிர்காலத்தில் வரும் கூட்டம் இன்று ஐந்நூற்றைக் கடந்துள்ளது.