எஹலியகொடையிற் கண்ட இரு உருளைகள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் பெருவீதியில் அவிசாவளையைக் கடந்ததும் நிலத்தின் தோற்றம் மாறிவிடுகிறது. வயல்கள் ஒடுங்குகின்றன, குன்றுகள் நெருங்கி வருகின்றன, வீதியின் இருமருங்கிலும் இறப்பர் மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் பயணத்தின் பின் வருவது எஹலியகொட. ஒருகாலத்தில் இவ்வூருக்குப் புகையிரதத்திலும் வரலாம். களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதை 1912ஆம் ஆண்டில் இவ்வழியாகவே இரத்தினபுரியை எட்டியது. 1976இல் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டது. இன்று பஸ் வண்டியே கதி.

மாணிக்கக் கல்லுக்குப் பேர்பெற்ற மாவட்டம் இது. ஆயினும் நாம் சென்ற விடுமுறையில் அங்கு சென்றது கல்லைத் தேடியன்று, பாலைத் தேடி. இறப்பர்ப் பாலைத்தான் சொல்லுகிறோம்.

தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் விடியுமுன்னரே நம்மை எழுப்பி அழைத்துச் சென்றார். பால்வெட்டும் பெண்கள் அதற்குள் பாதி மரங்களை முடித்துவிட்டிருந்தனர். பட்டையிலே சாய்வாக ஒரு மெல்லிய கீற்று. அதன் அடியிற் கட்டிய சிரட்டையில் வெண்பால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஏன் இத்தனை அதிகாலையில் என்று வினவினோம். “வெயில் ஏறினா பால் நின்னு போகும் ஐயா. மழை வந்தா அதுவும் இல்ல” என்றார் ஓர் அம்மை, கத்தியை நிறுத்தாமலே. காலைக் குளிரில்தான் பால் நெடுநேரம் ஓடும். மழை பெய்தாலோ நீர் கலந்து வழிந்து வீணாகும். மழை மிகுந்த இப்பிரதேசத்தில் வானத்தைப் பார்த்தே ஒரு நாட்கூலி நிற்பதும் போவதும் உண்டு.

இம்மரம் இந்நாட்டுக்கு உரியதன்று. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் 1876ஆம் ஆண்டில் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. இன்று சப்பிரகமுவக் குன்றுகளை மூடி நிற்பவை அவ்வினத்தின் வழித்தோன்றல்களே.

சேர்ந்த பாலில் மூன்றிலொரு பங்கே இறப்பர். மிகுதி பெரும்பாலும் நீர். அதனைத் தட்டுகளில் ஊற்றிச் சிறிது போமிக் அமிலம் சேர்த்தால் தயிர்போல் உறைகிறது. உறைந்த கட்டியை இரும்பு உருளைகள் இரண்டின் இடையே செலுத்திக் கைப்பிடியைச் சுழற்றுகிறார்கள். நீர் பிழிந்து ஓடுகிறது, கட்டி தகடாகிறது. பின்னர் வரியுள்ள உருளைகளிற் செலுத்தினால் தகட்டில் கோடுகள் பதிகின்றன. அதன்பின் புகையறையிற் சில நாள் தொங்கி, வெண்தகடு தேன்நிறம் பெறுகிறது.

அவ்வுருளைப் பொறியை நாம் நெடுநேரம் பார்த்து நின்றதைக் கண்ட மாணவர், “இதன் உடன்பிறப்பு ஒன்று பட்டினத்தில் இருக்கிறது, வாருங்கள் சேர்” என்றார். அவர் அழைத்துச் சென்றது, தொழிற்சாலைப் பொறிவேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் சிறு பட்டறைக்கு. அங்கே நின்றது ஒரு பழைய ஹூவர் சலவை இயந்திரம்.

இன்றைய இளைஞர் அத்தகைய இயந்திரத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். பிரித்தானியாவின் வேல்சுப் பகுதியிலுள்ள மேர்தர் டிட்வில் என்னும் ஊரில் 1948இல் திறக்கப்பட்ட தொழிற்சாலையில் இவ்வகை உருவாயிற்று. அங்கு சலவை இயந்திர உற்பத்தி 2009இல் நின்றது. ஒரு தொட்டி, அதன் பக்கச் சுவரில் நீரைச் சுழற்றும் ஒரு தட்டு, மேலே துணியைப் பிழிவதற்கு இரண்டு உருளைகளும் ஒரு கைப்பிடியும். தோட்டத்துப் பொறியைப் போலவே உருளைகளின் இடைவெளியைத் திருகினால் இறுக்கலாம். அங்கே இறப்பரிலிருந்து நீரைப் பிழிவது இரும்பு; இங்கே துணியிலிருந்து நீரைப் பிழிவது இறப்பர். வேற்றுமை அவ்வளவே. நான்கு நாள் தொடர்ந்து மழை பெய்யும் ஊரில், துணியிலுள்ள நீரைப் பாதியாவது பிழிந்தெடுக்கும் கருவியின் அருமை இல்லத்தரசியர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

இவ்வியந்திரம் எதனாற் பழுதுற்றது? தொட்டி ஓட்டையாகவில்லை, மோட்டார் எரியவில்லை. கெட்டதெல்லாம் இறப்பரே என்றார் பெரியவர். நீர்க்குழாய் வெடித்திருந்தது, நீர் கசியாமற் காக்கும் வளையம் கல்லாய் இறுகியிருந்தது, உருளைகள் வெடித்து உதிர்ந்தன. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் எண்ணெயும் இறப்பரின் பகைவர். இரும்பு நூறாண்டு இருக்கும், இறப்பர் இராது. மிக அபாயமானது மின்கம்பியின் இறப்பர் உறை. பழைய கம்பியை வளைத்தால் உறை பொடியாகிவிடும். ஆதலால் பழைய இயந்திரம் வாங்கியவர், கம்பிகளை மாற்றிப் புவித்தொடுப்பைச் சோதிக்குமுன் மின்சாரம் செலுத்தலாகாது. இரும்புடல், ஈரக்கை, வெறுங்கம்பி மூன்றும் கூடினால் உயிருக்கே ஆபத்து.

இனி உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? செய்த தொழிற்சாலையே இல்லை. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது புதிய இயந்திரங்களுக்குரிய பாகங்களும் கிடைக்காமல் மக்கள் அலைந்ததை நாம் மறக்கவில்லை. பெரியவரோ இலகுவாகச் சிரித்தார். “பெயரைச் சொல்லிக் கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க சேர். அளவைச் சொல்லிக் கேக்கணும்” என்றார்.

அவ்வொரு வாக்கியத்துக்காகவே எஹலியகொடைக்குப் போகலாம் என்று தோன்றியது. உருள்தாங்கிகள், அதாவது பெயாரிங்குகள், பெரும்பாலும் உலகப் பொது அளவின. 6204 என்ற எண் பொறித்தது எந்நாட்டிற் செய்யப்படினும் உட்துளை 20 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 47, அகலம் 14. சலவை இயந்திரத்துக்கென்று கேட்டால் இல்லாதது, மோட்டார்ச் சைக்கிள் கடையில் இருக்கும். பெல்ட்டும் அவ்வாறே. தேய்ந்த கரித்துண்டுக்குப் பதிலாகப் பெரிய மோட்டாரின் கரித்துண்டை, அதே தரத்ததாயின், அராவிப் பொருத்தலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையிற் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கடைவீதி, அளவுகோலோடு செல்பவனுக்குப் பொக்கிஷம். வெறுங்கையோடு செல்பவனுக்குப் பழைய இரும்புக் குவியல்.

உருளைக்கு வழி என்ன? தோட்டத்துத் தகட்டை வெட்டிச் சுற்றிவிடலாமே என்று நாம் கேட்டோம். அது ஆகாது. வெறும் இறப்பர் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகமும் சூடும் சேர்ந்தால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்று அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839இற் கண்ட முறையே வல்கனைசு செய்தல். ஆகவே பெரியவர் பழைய இறப்பரைச் சுரண்டும் முன்னரே விட்டத்தையும் நீளத்தையும் குறித்துக்கொண்டு, தண்டைக் கொழும்பில் அச்சு இயந்திர உருளைகளுக்கு இறப்பர் போர்த்தும் பட்டறையிற் கொடுத்தார். அங்கே தண்டில் பசை பூசி, கந்தகம் கலந்த பச்சை இறப்பரைச் சுற்றி, துணிப்பட்டியால் இறுகக் கட்டி, நீராவியில் வேகவைத்து, கடைசற் பொறியிற் கடைந்து அளவாக்கினர். அச்சகத்தானுக்கும் சலவைக்காரிக்கும் ஒரே பட்டறை உதவியது. மென்மையாக இருக்கவேண்டும் என்று சொல்லி வாங்கினாராம். அன்றேல் சட்டைப் பொத்தான் உடையும்.

அவரிடம் தொழில் பழக எவரேனும் வருகிறார்களா என்று கேட்டோம். ஒரு பையன் வந்தான், பின்பு வெளிநாடு போய்விட்டான் என்றார். அலமாரியிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்துக் காட்டினார். அவர் திருத்திய ஒவ்வோர் இயந்திரத்தின் அளவுகளும் பென்சிற் படங்களுடன் அதில் இருந்தன. பக்கங்கள் பழுத்து ஓரம் உதிர்கின்றன. அவர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இன்று அவர் ஒருவரே.

இயந்திரம் அழிவது பாகம் கிடைக்காமையால் அன்று. அதன் அளவை அறிந்தவன் இல்லாமற் போவதால். நம் மாணவர்கள் பொறியியல் நூல்களை மனப்பாடம் செய்கிறார்கள், நல்லதே. விடுமுறையில் ஒரு நாளேனும் இத்தகைய பெரியவர் ஒருவரின் அருகே அமர்ந்து, அவர் சொல்வதை அளவும் படமுமாக எழுதிக்கொள்வார்களாயின், அது பரீட்சைக்கு உதவாவிடினும் நாட்டுக்கு உதவும். வீட்டிற் பழுதான பொருளை எறியுமுன் அதன் உடைந்த பாகத்தையேனும் எடுத்து வையுங்கள். உடைந்த பாகமே புதிய பாகத்துக்கு மாதிரி.

இன்னொன்றும் நினைவிலிருத்தத் தக்கது. உலகத்துச் சலவை இயந்திரங்களுக்கு உருளையும் குழாயும் ஆன இறப்பரில் இக்குன்றுகளின் பாலும் கலந்திருக்கும். அப்பாலை விடியுமுன் வெட்டிச் சேர்த்த பெண்கள் பொழுது சாயும் வேளையில் பீலிக்கரைக் கல்லிலே துணி அடித்துத் துவைப்பதை நாம் கண்டோம். அவர்கள் கைகளுக்கு ஓய்வு தரும் ஒரு பழைய இயந்திரத்தைத் திருத்திக் கொடுப்பதிலும் சிறந்த விடுமுறை வேலை இளைஞர்க்கு வேறு உண்டோ?