ஜன்னியும் நூற்றிரண்டும்

குழந்தைகளின் காய்ச்சல் பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகே ஏறும். எல்லோருடைய உடல்சூடும் மாலையில் சற்றுக் கூடி விடியற்காலையில் இறங்குவது வழக்கம்; காய்ச்சலும் அதோடு சேர்ந்துகொள்கிறது. டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போன பிறகுதான் வீடுகளில் தெர்மாமீட்டரைத் தேடுகிறார்கள்.

பேரனுக்குக் காய்ச்சல் கண்டால் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைப் பயம் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கும். "உடம்பு அனலாக் கொதிக்குது, ஜன்னி கண்டுடப் போவுது" என்று என் அம்மா கம்பளியோடு வருவாள். "நூத்தி ரெண்டைத் தாண்டிடுச்சும்மா, மூளைக்கு ஏறிடாதே?" என்று மகள் ஐஸ் தண்ணீரைத் தேடுவாள். இரண்டுமே வேண்டாதவை. கம்பளி சூட்டை வெளியேற விடாது. ஐஸ் தண்ணீர் நடுக்கத்தைக் கிளப்பிவிடும்.

அம்மாவின் பயத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது காய்ச்சல் என்றால் பெரியம்மையாகவோ டைபாய்டாகவோ தொண்டை அடைப்பானாகவோ இருக்கலாம். தடுப்பூசியும் மருந்தும் வந்து அவற்றில் பலவற்றை விரட்டின. பயம் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1980இல் பார்ட்டன் ஷ்மிட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெற்றோரிடம் விசாரித்தார். 104 டிகிரியோ அதற்குக் குறைவோ இருந்தாலே மூளை, நரம்பு பாதிக்கப்படும் என்று பாதிப் பேருக்கு மேல் நம்பினார்கள். உண்மையில், தொற்றால் வரும் காய்ச்சலை மூளையே கட்டுக்குள் வைத்திருக்கிறது. அந்த அளவுச் சூடு மூளையைக் கெடுப்பதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரலாம். பார்க்கவே குலை நடுங்கும். ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், பின்விளைவும் இருக்காது. இதைத் தடுக்கவென்று பாராசிட்டமாலை அடிக்கடி ஊற்றுவதில் பயனில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி.

ஊற்றுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரே சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 என்றும் கடையில் கிடைக்கிறது. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. தூக்கக் கலக்கத்தில் பாட்டில் மாறினால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

அதனால் மகளிடம் நான் டிகிரியைக் கடைசியாகத்தான் கேட்பேன். தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா, சூடு தணிந்ததும் எழுந்து விளையாடுகிறானா? மூன்று மாதம் நிரம்பாத பச்சைக் குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, 100.4 தொட்டாலே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எண்ணை மட்டும் நம்புகிறவரை ஏமாற்றுவது டெங்கு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும், வீடே நிம்மதியாகும். ஆபத்துக் கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது என்று எது தெரிந்தாலும் தெர்மாமீட்டர் காட்டும் 98.6ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

"விட்டுடுச்சே, நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பிடட்டுமா?" என்று மகள் கேட்டால், இன்னும் இரண்டு நாள் கண்ணில் வைத்துப் பார் என்பேன். இந்த ஒரு விஷயத்தில் அம்மா என் கட்சி. காய்ச்சல் விட்ட பிள்ளையை மூன்று நாளைக்கு வாசல்படி தாண்ட விடக் கூடாது என்பது டெங்கு என்ற பெயரையே கேள்விப்படாத காலத்தில் அவள் போட்ட சட்டம்.