அடித்தட்டு

மகளுடன் சில திங்கள் தங்குவதற்காக மிச்சிகன் சென்றிருந்தோம். அடுத்த வீட்டு வாயிலில், ‘விற்பனைக்கு’ என்ற அட்டையுடன் செந்நிற மஸ்டாங் ஒன்று நின்றது. துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடும் வகை; 1965ஆம் ஆண்டினது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் போர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய கார் அது.

பழுது நீக்கிப் புதுப்பித்தவரும் விற்பவரும் அவ்வீட்டு முதியவரே, பார்வை மங்கிவிட்டதாம். மெருகைப் புகழ்ந்தோம். “வண்ணத்தை விடுங்கள், அடியைப் பாருங்கள்” என்றார். நிலையான கூரை இல்லாத வண்டியைத் தாங்குவன அடித்தட்டும், கதவுகளின் கீழுள்ள சட்டங்களுமே. கசியும் துணிவழி இறங்கும் மழைநீரும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அரிப்பதும் அவற்றைத்தான். மூன்று குளிர்காலங்கள் அவர் பற்றவைத்தது அங்கேதான்.

முன்மூடியின் கீழ்ப் பொறித்த எண்ணையும் காட்டினார்: 5 ஆண்டைக் குறிக்கும், எஃப், டியர்பார்ன் ஆலையை, 08, மடியும் கூரையை. கூரையை அறுத்து ஏமாற்றுவோர் இவ்வெண்ணில் அகப்படுவார்களாம்.

வந்தவரெல்லாம் வண்ணத்தையே தடவிப் பார்த்து விலை பேசினர். (ஊர்வீட்டை விற்றபோது எங்களிடம் மட்டும் அடித்தளத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?) ஒரு ஞாயிறன்று வந்த இளைஞன் கைவிளக்குடன் புல்லில் மல்லாந்து படுத்து அடிப்பாகத்தை நெடுநேரம் பார்த்தான். அவன் எழுமுன்னரே முதியவர் விலையைத் தாமாகக் குறைத்துவிட்டார்.