சைக்கிளுக்கு ஏது டி.டி. கேஸ்?

குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டினால் டி.டி. (டிரங்கன் டிரைவிங்) கேஸ் உண்டா? காசிமேட்டு டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "சைக்கிள்காரனை எவன் ஊதச் சொல்லப் போறான்?" என்பார்கள். முக்கால்வாசி சரி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு மோட்டார் வண்டிக்கு மட்டும்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 2022 அக்டோபரிலிருந்து சென்னையில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் அபராதம். சைக்கிள் கேரியரில் வருபவர் நிம்மதியாக வரலாம்.

*

மிச்சக் கால்வாசி: பாரதிய நியாய சன்ஹிதா 281. பொதுவழியில் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வாகனத்தைத் தாறுமாறாக ஓட்டினாலும் ஆறு மாதம் வரை உள்ளே. அங்கே மோட்டார் என்ற பேச்சே இல்லை. 355: குடித்துவிட்டுப் பொது இடத்தில் அடுத்தவருக்குத் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை ஜெயில், 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை சமூக சேவை. 2024 ஜூலைக்கு முன்பு இதற்கு அபராதம் பத்தே ரூபாய்! இவை போக 1888-ஆம் வருஷத்துச் சென்னை நகரப் போலீஸ் சட்டம், பிரிவு 75. எல்லாவற்றிலும் ஆள் ஏதாவது செய்திருக்க வேண்டும். எவ்வளவு குடித்தார் என்று அளக்கும் சட்டம் சைக்கிளுக்குக் கிடையாது.

*

மூன்று சக்கர மீன்பாடி வண்டி. மிதித்துக்கொண்டு போகிறவரை 185 தொடாது. அதே வண்டியில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பொருத்திவிட்டால் மோட்டார் வாகனம் ஆகிவிடும். நாலு சக்கரத்துக்குக் குறைந்த வண்டிக்கு 25 சி.சி. வரைதான் விலக்கு. ஆளும் அதே ஆள், உள்ளே போன குவார்ட்டரும் அதே குவார்ட்டர். (இன்ஜின் வைத்தவை பதிவும் இன்சூரன்ஸும் இல்லாமல் ஓடுவது வேறு கதை.)

*

கணக்கு போட்டுப் பார்த்தது. குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கிட்டத்தட்ட 60 கிராம். அறுபது கிலோ ஆள் மளமளவென்று குடித்தால் ரத்தத்தில் 150 மில்லிகிராம் அளவுக்குப் போகும். சட்டம் சொல்கிற 30-க்கு ஐந்து மடங்கு. ஈரல் மணிக்குச் சுமார் 15 வீதம்தான் கரைக்கும். மோர் குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அது வேகம் கூட்டாது. ராத்திரி 10 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் இறங்கும் நேரத்தில் அடித்தவர், காலை 6 மணி ஷிப்டுக்குத் திருவொற்றியூரில் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போதுதான் 30-க்கு வருகிறார். வழியெல்லாம் அதற்கு மேல்தான்.

*

காரில் போகிற குடிகாரர் கீழே விழுவதில்லை. சைக்கிளில் நிமிர்ந்து நிற்பதே ஒரு வேலை. ஹேண்டிலை இப்படியும் அப்படியுமாகக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருப்பதால்தான் வண்டி நிற்கிறது. மெதுவாகப் போனால் இன்னும் அதிகம் திருப்ப வேண்டும். போதை முதலில் தட்டிப் பறிப்பது அதைத்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் அதற்கு இடம் எங்கே? ஓரமெல்லாம் மண். அந்த ஓரத்திலும் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள், பலவற்றில் பின்விளக்கு எரியாது. நாற்பது அடி கன்டெய்னர் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடது ஓரம் ஒட்டி வருகிற சைக்கிள் உயரமான கேபினில் இருக்கும் டிரைவரின் கண்ணுக்குப் படாது. குடிக்காதவர் பிரேக் பிடித்து நின்றுவிடுவார். குடித்தவர் இடைவெளி இருக்கிறதென்று நுழைவார்.

*

விழுந்த பிறகு இன்னொரு ஆபத்து. "மட்டையாயிட்டாரு, தூங்கட்டும்" என்று கடை வாசலில் நிழலாகப் பார்த்துப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிகிறவரும் அப்படித்தான் குழறுவார், வாந்தி எடுப்பார், குறட்டை விடுவார். சிலர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சாய்வார்கள். வாடையடிக்கிறது என்பதற்காக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிப்பதுதான் பலரை முடித்துவிடுகிறது.

*

உயிரோடு மிதித்துக்கொண்டு போனபோது யாரும் ஊதச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் மட்டும் 'மது வாடை' என்று ஒரு வரி ஏறும். பிறகு எம்.சி.ஓ.பி. (விபத்து நஷ்டஈடு) வழக்கில் லாரியின் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்: தப்பில் பாதி இவருடையது, பணத்தில் பாதியைக் கழியுங்கள். வாடை மட்டும் போதாது, விபத்துக்கு அதுதான் காரணம் என்று காட்ட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வக்கீலின் பதில். 2007-ல் டெல்லி இந்தியா கேட் அருகே மோதிய ஒரு போர்ஷே கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது: மூச்சுச் சோதனை எடுக்காவிட்டாலும் மற்ற சாட்சியங்களை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனி போதையை நிரூபிக்கலாம். போர்ஷேக்காரருக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது.

இ.எஸ்.ஐ. இன்னொரு முடிச்சு. சட்டப்படி வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் நடக்கும் விபத்தும் வேலையோடு சேர்ந்ததுதான். ஆனால் நேரம், இடம், சூழ்நிலைக்கும் வேலைக்கும் தொடர்பு காட்ட வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு, டாஸ்மாக்கில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரின் பெண்டாட்டி அந்தத் தொடர்பை எப்படிக் காட்டுவாள்?

*

ஜப்பானில் 2024 நவம்பர் 1 முதல் குடித்துவிட்டுச் சைக்கிள் மிதித்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். சைக்கிள் கொடுத்தவருக்கும் ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. 2003 முதல் நம் ஊரில் சில்லறையாக விற்பது அரசாங்கம். ஊற்றிக் கொடுத்தவரைத் தண்டிக்கும் பகுதியை இங்கே கொண்டுவர யாரும் அவசரப்பட மாட்டார்கள். இங்கிலாந்தில் 1872-ஆம் வருஷத்துச் சட்டமே குடித்துவிட்டுக் குதிரையும் மாடும் ஓட்டுகிறவரைப் பிடித்தது. அதில் சைக்கிளும் அடக்கம் என்று பிறகு தீர்ப்பு.

அப்படி ஒரு சட்டம் எனக்கு இங்கே வேண்டாம். சைக்கிளின் விலையைவிட அபராதம் அதிகமாகும். மாட்டுவது வாட்ச்மேனும் லோடுமேனும்தான். ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிவிடுவார். அந்த விளக்குக் கெடுபிடி திரும்ப வந்தால் ஒப்புக்கொள்வேன், ஆனால் முதலில் ஓரத்தில் இருட்டாக நிற்கும் டிரெய்லர்களிலிருந்து தொடங்கட்டும். நம்பர் பிளேட் இருக்கிறது, ஓனர் இருக்கிறார், நோட்டீஸ் அனுப்ப விலாசமும் இருக்கிறது.