கூழாங்கல்லில் பூத்த மலர்

வெங்காயத்தைப் பரிசாகக் கொண்டுவரும் மைத்துனர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தார். சென்ற தை மாதம் பினாங்கிலிருந்து வந்தவர், குன்னூரில் என் வீட்டுக் கூடத்தில் மூன்று கிழங்குகளை எடுத்து வைத்தார்.

"சாம்பாருக்கு இவ்வளவு பெரிய வெங்காயமா, மாப்பிள்ளை?" என்று படுக்கையிலிருந்தபடியே கேட்டாள் என் தாயார்.

"தின்றால் விஷம், அத்தை! இது நார்ஸிஸஸ். சீனர்கள் தங்கள் வருஷப் பிறப்புக்காக வீட்டுக்குள் வளர்ப்பது" என்றார் அவர். இடுப்பு முறிந்து மூன்று மாதமாகத் தோட்டத்தையே பாராதவளுக்காகத்தான் அவர் அதைத் தேடி வாங்கியிருந்தார்.

"நம் ஊர்ச் சம்பங்கிக்கு என்ன குறை?" என்றாள் அம்மா. சம்பங்கியின் பூர்வீகம் மெக்ஸிகோ என்று சொல்ல வாயெடுத்தேன். உபாத்தியாயர் உத்தியோகத்தை வீட்டில் காட்ட வேண்டாமென்று அடக்கிக்கொண்டேன்.

சீனர் இம்மலருக்கு இட்ட பெயரின் பொருள் 'நீரில் வாழும் அமரர்' என்பதாகும். பூஜியன் மாகாணத்துச் சாங்சௌ இதற்குப் பேர்போன இடம். மண் வேண்டாம், உரமும் வேண்டாம். அடியில் துவாரமில்லாத பீங்கான் தட்டில் இரண்டு அங்குல உயரம் கூழாங்கல் பரப்பி, கிழங்குகளைச் சாயாமல் நிறுத்தினோம். ஜலம் கிழங்கின் அடியைத் தொட்டு நின்றால் போதும்; மேலே ஏறினால் அழுகிவிடும். பூவின் கரு கிழங்குக்குள் முன்பே உருவாகியிருக்கிறது. அதற்கு வேண்டிய ஆகாரமும் உள்ளேயே சேமிப்பாக இருக்கிறது. வேர் பிடிக்கும் வரையில் குளிர்ந்த மூலை, பிறகு ஜன்னலோரம். வேறு சிசுருஷை இல்லை.

நாலாவது வாரம் இலைகள் ஓங்கி வளர்ந்து சாயத் தொடங்கின. வெளிச்சம் போதாததன் பலன். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையார் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்கொரு மருந்து கூறியிருக்கிறார்கள். வேர்விட்டபின், நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை மதுசாரம் கலந்த ஜலத்தை வார்த்தால், செடி மூன்றிலொரு பங்கு குட்டையாகும், பூவுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் தட்டு இருந்த இடமோ, மதுவிலக்கில் தீவிரப் பற்றுக்கொண்டிருந்த என் தகப்பனாரின் படத்துக்கு நேர் கீழே! நூலால் கட்டி நிறுத்தினேன்.

ஐந்தாம் வாரம், விடியுமுன் அம்மா என்னைக் கூப்பிட்டாள். பார்வை மங்கியவள், வாசனையினால் அறிந்துகொண்டிருக்கிறாள். விளக்கைப் போட்டேன். வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் கிண்ணம். தட்டை அவள் மடியருகில் வைத்தேன். நெடுநேரம் விரல்களால் தடவிக்கொண்டே இருந்தாள்.

சில நாட்களில் மலர்கள் வாடின. "அடுத்த தைக்கு எடுத்து வை" என்றாள். வெறும் ஜலத்தில் பூத்த கிழங்கு தன் சேமிப்பை முழுவதும் செலவழித்துவிடுகிறது. மறு வருஷம் பூப்பது அரிது. இருபது வருஷமாகத் தங்குதடையின்றிப் பாடம் சொன்ன நாக்கு தயங்கிற்று. ஆயினும் சொன்னேன்.

அம்மா சிறிது நேரம் மௌனமாயிருந்தாள்.

"வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதானே? குப்பையில் போடாதேடா. பேரிக்காய் மரத்தடியில் புதைத்துவிடு" என்றாள்.

புதைத்தேன். கூழாங்கற்களைக் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன். வரும் தைக்கு ஆறு கிழங்கு கொண்டுவரும்படி மைத்துனருக்கு எழுதியாயிற்று. ஆறு என்பது அம்மாவின் உத்தரவு.