அனுமதிக்கு முன்னே நுழையும் பார்வை



பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்பதை அந்நூர் அத்தியாயத்தின் 27 ஆம் வசனத்தைக் கொண்டு குடிகாட்டு மத்ரஸாச் சிறுவர்களுக்கு நாம் கற்பித்து வருகின்றோம். கதவிடுக்கின் வழியே உள்ளே நோக்கிவிட்டுப் பிறகு அனுமதி கேட்பதில் பொருளில்லை என்பதையும் சேர்த்தே சொல்கின்றோம்.

இந்த ஒழுங்கு கணினிக்குள் மீறப்படுவது 2018 ஜனவரி 3 அன்று உலகிற்குத் தெரியவந்தது. கூகுள் ஆய்வாளர்களும், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட பிறரும் ப்ராசஸர்களில் கண்டறிந்த அக்குறைகள் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் எனப்பட்டன. முன்னது பெரும்பாலும் இன்டெல் ப்ராசஸர்களையும், பின்னது இன்டெல், ஏஎம்டி, ஏஆர்எம் வகைகளையும், ஆகவே கைபேசிகளையும் பாதித்தது.

ப்ராசஸர் விரைவு கருதி, அடுத்து வரும் வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்துவிடும். மெல்ட்டவுனில், ஒரு தகவலைப் படிக்கச் செயலிக்கு அனுமதி உண்டா என்பது முடிவாகும் முன்பே அத்தகவல் எடுக்கப்படுகிறது. அனுமதி இல்லை எனத் தெரிந்ததும் விடை கைவிடப்படுகிறது. ஆயினும் கேஷ் எனும் விரைவு நினைவகத்தில் அதன் சுவடு எஞ்சுகிறது. நினைவகம் பதில் தரும் நேரத்தை அளந்தே, தீய செயலி மறைவானதை அறிந்துகொள்ளும்.

விற்றுப்போன கோடிக்கணக்கான சில்லுகளை மாற்ற இயலாது. எனவே விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்கள், அப்டேட் வாயிலாகத் தம் மைய நினைவகத்தைச் செயலிகளின் பார்வையிலிருந்து பிரித்து வைத்தன. இதனால் சில வேலைகளில் வேகம் குறைந்தது. “அப்டேட் போட்டால் மந்தமாகிறது” என்று நம் இளைஞர்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வேகத்திற்காக யாருடைய தகவலைப் பணயம் வைக்கின்றோம் என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும்.

2011 இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் தாம் பெற்ற விலையில்லா மடிக்கணினியை முன்னாள் மாணவர் ஒருவர் நம் மத்ரஸாவுக்கு அன்பளிப்பாகத் தந்தார். அதிலிருப்பது விண்டோஸ் 7. அதற்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. ஜகாத் பெறுவோர் பட்டியலை அதில் ஏற்றலாமா என்ற பேச்சு எழுந்தபோது மஷூரா செய்தோம். விதவைப் பெண்கள், கடனில் தவிப்போர், தம் வறுமையை அண்டை வீட்டாருக்கும் உரைக்காதோர் ஆகியோரின் பெயர்கள் அவை. நம்மை நம்பி அவர்கள் ஒப்படைத்த அமானிதம் அது. ஆகவே பட்டியலை அப்டேட் கிடைக்கும் கணினியில் வைத்தோம். பழைய மடிக்கணினி இணையத் தொடர்பின்றிப் பிள்ளைகளுக்குக் கிராஅத் ஒலிப்பதிவுகளை ஒலித்து வருகிறது.

உங்கள் இல்லத்துக் கைபேசியிலும் வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், பிறர் நம்பிப் பகிர்ந்த செய்திகள் உள்ளன. அப்டேட் அறிவிப்பு வரும்போது “பிறகு” என்று தள்ளாதீர்கள். இரவில் சார்ஜில் வைத்து அதை முடித்துவிடுங்கள். அப்டேட் நின்றுபோன கருவியில் பணப் பரிமாற்றத்தையும் பிறரின் இரகசியங்களையும் தவிருங்கள்.

அமானிதங்களைப் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.