அவருக்குக் குணம், எனக்குச் சூழ்நிலை

கட்கி ஸ்டேஷனில் லோனாவலா லோக்கல் ஏறும்போது என்னை இடிப்பவள் திமிர் பிடித்தவள். நான் இடித்தால், ஆபீசுக்கு நேரமாச்சு! 1971லேயே உளவியலாளர்கள் எட்வர்ட் ஜோன்ஸும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் இதை எழுதிவிட்டார்கள்: அடுத்தவர் செய்தால் குணம், நாம் செய்தால் சூழ்நிலை.

உளவியல் அறிமுகப் பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, 1967இல் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் வெளியிட்ட சோதனை. அன்றைய கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்து ஒரு கட்டுரை. எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று எழுதியவருக்கு உத்தரவு போட்டார்கள் என்று தெளிவாகச் சொல்லியும், படித்தவர்கள் 'ஆள் கொஞ்சமாவது காஸ்ட்ரோ பக்கம்தான்' என்றே கணித்தார்கள். தெரிந்தும்!

வீட்டுக்காரரிடம் விளக்கினேன். "அப்போ ஈரத்துண்டை நான் கட்டில்ல போடறதும் சூழ்நிலைதானே?" என்கிறார்.

துணி காயப்போடும் கொடி ஜன்னலை ஒட்டியே இருக்கிறது. அது குணமேதான்!